வாத்தியாரைக் கேளுங்கள்: நிலாவும் தார் ரோடும்

கேள்வி: நிலாவில் இருப்பது கரும்பாறை என்று டி.வி.யில் சொன்னார்கள். எங்கள் மொட்டை மாடியில் அது பால்போல வெள்ளையாகத்தானே காய்கிறது?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: டி.வி.யில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள் அம்மா. நிலாவின் மேல் விழும் வெயிலில் சுமார் 12 சதவீதம்தான் திரும்பி வருகிறது. சில வருஷம் வெயில் மழை பார்த்து வெளிறிப்போன தார் ரோடும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ஏற்காடு அடிவாரத்துக்குப் போகிற பக்கம் வெள்ளைக்கல் சுரங்க மேடுகள் இருக்கின்றனவே, அவற்றைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் ‘சாக் ஹில்ஸ்’ என்று பேர் வைத்தான். அது சாக் இல்லை, மாக்னசைட். அதைச் சுட்டால் கிடைப்பது மக்னீசியம் ஆக்சைடு. எது எவ்வளவு வெள்ளை என்று அளப்பதற்கு ஆய்வகங்களில் ஒரு காலத்தில் அந்தப் பொருளைத்தான் அளவுகோலாக வைத்திருந்தார்கள். நிலாவில் ஒரு துண்டை வெட்டி அந்த மேட்டின் பக்கத்தில் போட்டால், யாரோ அழுக்குக் கல்லைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் நினைப்பீர்கள்.

நான் ஒரு தடவை கரண்ட் போன ராத்திரியில், தெருவில் பெயர்ந்து கிடந்த தார் ரோட்டுத் துண்டைக் கறுப்புப் போர்வைக்கு முன்னால் தொங்கவிட்டு, டார்ச் வெளிச்சம் அதன்மேல் மட்டும் விழும்படி வைத்தேன். பக்கத்து வீட்டுப் பையன் வந்து, “என்ன தாத்தா, சுண்ணாம்புக் கல்லா?” என்றான். ஒரு வெள்ளைக்கல்லை எடுத்து அதே வெளிச்சத்தில் பக்கத்தில் பிடித்தேன். சுண்ணாம்பு உடனே தார் ஆகிவிட்டது. வானத்தில் நிலாவுக்குப் பக்கத்தில் வெள்ளைக்கல் பிடிக்க ஆளில்லை, அவ்வளவுதான் விஷயம்.

கேள்வி: நிலா ஒரு கண்ணாடி மாதிரி, சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று படித்தேன். சரியா?
- மாணவர், ஆத்தூர்

பதில்: பல வருஷம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன் தம்பி. எட்டாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்றான். அவன் வீட்டில் கொலுசுப் பட்டறை. “பாலீஷ் போட்ட மணியில பல்பு ஒரு புள்ளியாத்தான் சார் தெரியும். பாலீஷ் போடாத மணிதான் முழுசா வெள்ளையா இருக்கும்” என்றான். எனக்கு வேர்த்துவிட்டது. அவன் சொன்னதுதான் சரி. நிலா வழவழப்பான உருண்டையாக இருந்தால், சூரியனின் ஒரு சின்னப் புள்ளி மட்டும் நட்சத்திரம் போல மினுங்கும், வட்டமே தெரியாது. நிலாவின் மேல் கிடப்பது தூள். தூள் எல்லாப் பக்கமும் ஒளியை இறைக்கிறது.

அந்தத் தூளில் இன்னொரு விசேஷம். அரை நிலா, பௌர்ணமியின் பாதி வெளிச்சம் தரவேண்டும் என்று தோன்றும். தருவதோ சுமார் பத்தில் ஒரு பங்குதான். அரை நிலாவில் வெயில் பக்கவாட்டில் விழுவதால் ஒவ்வொரு பரலுக்கும் குழிக்கும் நிழல் உண்டு. பௌர்ணமியன்று சூரியன் நம் முதுகுப் பக்கம். நிழல்கள் எல்லாம் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன.

பாலீஷ் போடாத வெள்ளி என்றதும் ஞாபகம் வருகிறது. வானத்து வெள்ளியும் அந்த ரகம்தான். தன்மேல் விழும் ஒளியில் முக்கால் பங்கைத் திருப்பிவிடுகிறது. தரையல்ல, மேகம். அந்த மேகம் பூராவும் கந்தக அமிலத் துளிகள். நகையை வெளுக்கப் பயன்படும் அதே அமிலம். பேர் வைத்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை, ஆனாலும் பொருத்தம்.

கேள்வி: ஏற்காடு லேடிஸ் சீட்டில் சாயங்காலம் நின்றபோது, மேற்கே தூரத்தில் திடீரென்று தகதகவென ஒரு கோடு எரிந்தது. ஐந்து நிமிடத்தில் மறைந்துவிட்டது. தீயா?
- வாசகர், சூரமங்கலம்

பதில்: தீ இல்லை, மேட்டூர் அணைத் தண்ணீராகத்தான் இருக்கும். ஏற்காட்டுக்கு ஏறக்குறைய நேர் மேற்கே அது கிடக்கிறது. கிணற்றை நேராக எட்டிப் பார்த்தால் தண்ணீர் கறுப்பாகத் தெரிவது ஏன்? நேராக விழும் ஒளியில் 2 சதவீதத்தைத்தான் அது திருப்பும். சாய்வாக விழ விழ அந்தத் தண்ணீரே கண்ணாடி ஆகிவிடும். சூரியன் இறங்கி, அதுவும் தண்ணீரும் நீங்களும் சரியான கோணத்தில் அமைந்த அந்தச் சில நிமிடம்தான் மின்னல். அதே நேரம் சேலம் பஸ் ஸ்டாண்டில் நின்றவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

இதே மின்னலை 2009 ஜூலையில் காசினி விண்கலம் சனியின் நிலாவான டைட்டனில் பிடித்தது. டைட்டனைச் சுற்றி ஆரஞ்சு நிறப் புகைமூட்டம். சாதாரண ஒளியில் தரை தெரியாது. அகச்சிவப்புக் கருவியில், வடபகுதி ஏரி ஒன்றிலிருந்து சூரியன் பளிச்சென்று அடித்தது. மணலோ பாறையோ அப்படி மின்னாது. அங்கே திரவம் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. தண்ணீர் அல்ல, மீத்தேனும் ஈத்தேனும்.

மறுபடி பார்க்க ஆசையென்றால் பங்குனி தொடக்கத்தில் போங்கள், சூரியன் நேர் மேற்கே இறங்கும். பைனாகுலரை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், கண் போய்விடும்.