சங்கத்துல ஒருநாள் கலை வரலாறு வகுப்பு நடத்தணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

சின்ன சங்கம், கலை வரலாறும் பழம்பொருளும் பத்தி ஒருநாள் வகுப்பு வைக்கணும், தலைப்பு எப்படி எடுக்கிறதுனு கேட்டிருக்கீங்க. எங்க சங்கத்துல சில வருஷமா இந்த வேலையை நான்தான் பாத்துக்கிறேன், அதனால அனுபவத்துல சொல்றேன்: தலைப்பை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்குங்க.

முதல் தடவை நாங்க மறுமலர்ச்சிக் காலத்துல ஆரம்பிச்சு பிக்காசோ வரைக்கும்னு வச்சோம். பேச வந்தவர் விஷயம் தெரிஞ்சவர்தான், ஆனா ஸ்லைடு பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு, சாயங்காலம் கிளம்புனவங்ககிட்ட எந்தப் படம் மனசுல நின்னுச்சுனு கேட்டேன், யாருக்கும் சட்டுனு ஒண்ணு சொல்ல வரல. எனக்கு ரொம்ப வருத்தமா போச்சு.

அடுத்த தடவை நீலமும் வெள்ளையுமான பீங்கான், அது மட்டும்தான். ஒரு நாள் முழுக்கப் பேச விஷயம் இருக்குமானு பயந்தோம், கடைசில ஒரு நாளே பத்தல. சீனாவுல ஜிங்தெஜென்ல 14ஆம் நூற்றாண்டுல பாரசீகத்துல இருந்து வந்த கோபால்ட்ங்கிற நீல நிறப்பொருளை வச்சு வரைஞ்சது, பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கிற டேவிட் ஜாடிங்க ரெண்டோட கழுத்துல கோயில் காணிக்கைனும் 1351ஆம் வருஷத்துத் தேதியும் எழுதியிருக்கிறது, 17ஆம் நூற்றாண்டுல டச்சுக் கப்பல்ல சீனப் பீங்கான் ஐரோப்பா போனதும் நெதர்லாந்துல டெல்ஃப்ட் ஊர்க் குயவருங்க அதே மாதிரி செய்யப் பாத்தது, பீங்கான் ரகசியம் தெரியாததால சாதா களிமண்ணு மேல வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சைப் பூசி சமாளிச்சது, அப்புறம் 1710ல ஜெர்மனியில நிஜப் பீங்கானே செய்ய வந்த மைசென் தொழிற்சாலைனு ஒரே நூலைப் பிடிச்சு காலைல ரெண்டு பேச்சு. ஒவ்வொண்ணும் 50 நிமிஷத்தைத் தாண்ட விடாதீங்க.

மத்தியானம்தான் முக்கியம். பொருளைக் கையில கொடுங்க. விளிம்பு உடைஞ்சது, விரிசல் விட்டதுனு சேதமானதா கேட்டு வாங்குங்க, உறுப்பினர்களும் தயங்காம தருவாங்க, கத்துக்கவும் அதுதான் நல்லது. எங்க மேஜைல டெல்ஃப்ட் தட்டு ஒண்ணு, விளிம்புல வெள்ளைப் பூச்சு செதில் செதிலா பெயர்ந்து உள்ள பழுப்பா மண்ணு தெரிஞ்சுது, நகத்தால தொட்டா சொரசொரனு இருக்கும். பக்கத்துலயே சீனப் பீங்கான் துண்டு ஒண்ணு, உடைஞ்ச இடத்துலயும் உள்ள வரைக்கும் ஒரே வெள்ளை, பின்னாடி டார்ச் அடிச்சா வெளிச்சம் ஊடுருவி விரலோட நிழல் தெரியும். வயசான அம்மா ஒருத்தங்க ரெண்டையும் மாத்தி மாத்தி தடவிப் பாத்துட்டு "அப்போ இது பூச்சு, இது உடம்பே அப்படி"ன்னாங்க. காலைல ஸ்லைடு போட்டு அவ்வளவு நேரம் விளக்குனது அந்த ஒரு வரில வந்துடுச்சு, எனக்கு அப்படியே சிலிர்த்துப் போச்சு.

அடில இருக்கிற முத்திரையைக் கடைசியா பாக்கச் சொல்லுங்க. சீனாவோட காங்ஷி பேரரசர் காலம் 1662ல இருந்து 1722 வரைக்கும், ஆனா 19ஆம் நூற்றாண்டுல செஞ்சதுலயும் அவர் பேர் போட்டிருக்கும், அதனால முதல்ல மண்ணு, அடி வளையம், பூச்சு, அப்புறம்தான் எழுத்து.

தொடுறதுக்கு முன்னாடி மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழட்டணும், மேஜைல தடிமனா துணி விரிக்கணும், உக்காந்துதான் பாக்கணும், ரெண்டு கையாலயும் பொருளோட உடம்பைப் பிடிக்கணும், கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்கவே கூடாது, மூடி இருந்தா முதல்ல அதை எடுத்து வச்சிடணும். பீங்கானுக்குத் துணிக் கையுறை வேண்டாம், வழுக்கும், கழுவித் துடைச்ச வெறும் கையே போதும். வெள்ளி, வெண்கலம்னா மட்டும் நைட்ரைல்ங்கிற செயற்கை ரப்பர் கையுறை, வேர்வை உப்பு உலோகத்துல கறையாயிடும்.

ஒரு மேஜைக்கு ஆறேழு பேருக்கு மேல வேண்டாம். என்ன விலை போகும்ங்கிற பேச்சை அன்னிக்கு எடுக்கவே விடாதீங்க, ஒருத்தர் ஆரம்பிச்சா மீதி நேரமெல்லாம் அதுலயே போயிடும். கடைசி அரை மணி நேரம் எதுவும் வைக்காம சும்மா விடுங்க, காலைல வாயே திறக்காதவங்க அப்போதான் மேஜைகிட்ட வந்து நின்னு கேப்பாங்க.