காணி உறுதி (உரிமைப் பத்திரம்) இல்லாத லயக் காம்பராவுக்கு நட்டஈடு உண்டா?

கேள்வி: கொழும்பு புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறேன். அப்பா, அம்மா மலைநாட்டுத் தோட்டமொன்றின் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கிறார்கள். நான்கு தலைமுறையாக அதே காம்பரா (ஒற்றை அறை வீடு). கீழே ஆற்றை மறித்து நீர்மின் திட்டம் வருகிறதாம். போன மாதம் அளவையாளர்கள் வந்து சுவரில் சிவப்பு மையால் இலக்கம் எழுதிவிட்டுப் போனார்கள். இப்போது சிங்களத்தில் ஒரு படிவத்தைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள். "லயம் கம்பனியுடையது, உங்களுக்கு ஒன்றும் வராது" என்கிறார் தோட்டத்துத் துரை (முகாமையாளர்). சேமலாப நிதிப் பணத்தில் அப்பா கட்டிய முன்பக்க அறை, மாட்டுக்கொட்டில், மரக்கறித் தோட்டம் எல்லாம் வீணா? திருமணமான அண்ணன் குடும்பமும் அதே காம்பராவில்தான் இருக்கிறது.

பதில்: துரை சொன்னதில் பாதிதான் சரி, தம்பி. காணி உங்களுடையது அல்ல; பெரும்பாலான தோட்டங்களில் அது கம்பனியுடையதும் அல்ல. நிலம் அரசுடையது, கம்பனி நீண்டகாலக் குத்தகைக்காரர். இதை மனதில் வைத்துக்கொண்டு துரையிடம் பேசுங்கள், அவருடைய குரல் கொஞ்சம் இறங்கும்.

1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் நட்டஈடு கேட்கக்கூடியவரை 'அக்கறையுள்ளவர்' என்கிறது. உரிமையாளர், குத்தகைக்காரர், அடமானம் பெற்றவர் அதில் அடங்குவர். மாதவாடகைக்கு இருப்பவரை அது வெளியே விட்டுவிடுகிறது. லயத்தில் இருப்பவரின் கோரிக்கை இடறுவது இந்த வரியில்தான். போதாததற்கு, அரச காணியை அரசு தன்னிடமிருந்தே சுவீகரிக்கத் தேவையில்லை. கம்பனியுடன் பேசி நிலத்தை விடுவித்துக்கொண்டால், இந்தச் சட்டத்தின் கீழ் வர வேண்டிய காணி எடுக்கும் அறிவித்தல் வராமலே போகலாம்.

ஆகவே உங்கள் பிடி வேறு இடத்தில் இருக்கிறது. 2001இல் அமைச்சரவை அங்கீகரித்த மீள்குடியேற்றத் தேசியக் கொள்கை, காணிக்கு எழுத்து ஆவணம் இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும் என்கிறது. கொள்கை சட்டமாகாது, ஆனால் அரசு தானே வகுத்த கொள்கையைக் காரணமில்லாமல் மீறினால், சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் அரசியலமைப்பின் 12(1) உறுப்புரையின் கீழ் கேள்வி கேட்கலாம். 150 மெகாவாட் கொண்ட 'மேல் கொத்மலை' நீர்மின் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் குடும்பங்கள் எழும்பியபோது மாற்று வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. புதிதாக எதையும் நீங்கள் கேட்கவில்லை.

உறுதி இல்லாமை தோட்டத்து மக்களுக்கு மட்டும் வந்த வினையும் அல்ல. 1983இல் மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தைச் சுற்றிய காடு தேசிய வனமானபோது, தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த பழங்குடி வேடர் குடும்பங்களை ஹெனானிகலவுக்கு அனுப்பினார்கள். தம்பானைக் கிராமத்து வேடர் தலைவர் ஊருவரிகே திசாஹாமியும் சில குடும்பங்களும் நகர மறுத்தார்கள். காட்டுக்கு ஏது உறுதி?

இனி சுவரில் எழுதிய அந்த இலக்கம். அதுதான் எனக்குப் பயம். கணக்கெடுப்பில் ஒரு காம்பராவை ஒரு வீடு என்று எழுதிவிடுவார்கள். அதற்குள் இரண்டு அடுப்பு எரிவதைப் பார்ப்பதில்லை. இப்படிப் பட்டியலுக்கு வெளியே நின்ற ஒரு குடும்பத்து அம்மா கொழும்பு புதுக்கடையில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் பிஸ்கட் டின் ஒன்று. உள்ளே மருமகளின் கர்ப்பவதி அட்டை, பேரனின் பாடசாலைக் கடிதம், அரிசி முத்திரை. அந்த டின்தான் அவருடைய உறுதிப் பத்திரம் என்று எனக்குத் தோன்றியது. அண்ணன் தனிக் குடும்பம் என்பதற்கு அவரிடமும் இப்படி எது இருந்தாலும் சேர்த்து வையுங்கள்: வாக்காளர் இடாப்புப் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ். முன்பக்க அறைக்குத் தகரம், சீமெந்து வாங்கிய பற்றுச்சீட்டு, சேமலாப நிதி எடுத்த கடிதம், கொட்டிலின் படம், மரங்களின் எண்ணிக்கை. கிராம உத்தியோகத்தரிடம் குடும்ப விபரம் பதிந்து, கையொப்பத்துடன் ஒரு பிரதி வாங்குங்கள்.

படிவத்தில் கையெழுத்து வேண்டாம். அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல், அதாவது பொதுத் தேவைக்குக் காணி வேண்டும் என்ற அறிவித்தல், வந்தால் அது மும்மொழியிலும் ஒட்டப்பட வேண்டியது. தமிழ்ப் பிரதி தரும்படி பிரதேச செயலாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதே உறையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பமும் போகட்டும்: பாதிக்கப்பட்டோர் பட்டியல், சுற்றாடல் மதிப்பீடு, கம்பனியுடன் செய்த உடன்படிக்கை. முடிவு சொல்ல 14 வேலை நாட்கள். 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையமோ 100 குடும்பங்களுக்கு மேல் எழுப்பும் திட்டமோ என்றால் சுற்றாடல் அனுமதி கட்டாயம். மதிப்பீட்டு அறிக்கைக்கு எழுத்தில் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாட்கள் கிடைக்கும்.

பாதிக்கப்பட்டோர் பட்டியலில் பெயர் இல்லை என்று தெரிய வந்த நாளைக் குறித்து வையுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் தவணை. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் விசாரணை உண்மையில் நடந்ததாக நீங்கள்தான் காட்ட வேண்டும். அதனால் முறைப்பாட்டோடு சட்டத்தரணி ஒருவரையும் பார்த்துவிடுங்கள். கட்டணத்துக்கு வழியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இந்த வார இறுதியில் ஊருக்குப் போவீர்களென்றால், அந்தப் படிவத்தைக் கைபேசியில் படமெடுத்து அனுப்புங்கள். அப்பா ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் எந்தத் திகதியில் என்று கேட்டு எழுதுங்கள்.