முதல் 200 கிலோமீட்டர் – கடிதம்

அன்புள்ள சார்,

சைக்கிள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நான் ஓட்ட ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. வார நாட்களில் இரண்டு தடவை ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை 40 கிலோமீட்டர், அவ்வளவுதான். ஏதோ ஓர் ஆர்வத்தில் 200 கிலோமீட்டர் பிரெவேக்கு (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) பெயர் கொடுத்துவிட்டேன். இன்னும் 12 வாரம் இருக்கிறது. சமதளத்தில் என் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. 25 வராமல் 200 பக்கமே போகாதே என்கிறார் ஒரு நண்பர். அதற்கு முன் தனியாக ஒரு முறை 200 ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்கிறார் இன்னொருவர். 50 கிலோமீட்டர் தாண்டினால் உட்காரும் இடம் வலிக்கிறது, விரல்கள் மரத்துப் போகின்றன. கடைசி ஆளாக வந்து நிற்பேனோ என்ற கூச்சம் வேறு. வேகத்தைக் கூட்ட என்ன செய்யலாம்? புது சைக்கிள் வாங்க வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் கூச்சத்தை முடித்துவிடுவோம். பிரெவே போட்டி அல்ல. முதலிடம், கடைசி இடம் எதுவும் கிடையாது. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் கொடுக்கிறார்கள், அதற்குள் வந்தவர் எல்லோரும் முடித்தவர்கள். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: மிக வேகமாக வந்தாலும் கணக்கில் வராது. கண்ட்ரோல்களுக்கு, அதாவது வழியில் நம் கார்டில் முத்திரை வாங்கும் இடங்களுக்கு, மூடும் நேரம் இருப்பது போலத் திறக்கும் நேரமும் உண்டு. 200க்கான கடைசிக் கண்ட்ரோல், ஓட்டம் கிளம்பி 5 மணி நேரம் 53 நிமிடம் ஆவதற்கு முன் திறக்காது. உங்களுக்கும் எனக்கும் அந்தக் கவலை இல்லை என்பது வேறு விஷயம். இந்த வகை ஓட்டத்தின் தாய் என்று சொல்லத்தக்க பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 1891இல் பந்தயமாகத்தான் தொடங்கியது. சுமார் 1200 கிலோமீட்டர். இன்று அதை ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது 90 மணி நேரக் கெடுவை மட்டும்தான்.

இப்போது உங்கள் 20க்கு வருவோம். 20இல் போனால் 200 கிலோமீட்டருக்குப் பத்து மணி நேரம். மீதி மூன்றரை மணி நேரம் நிற்பதற்கு இருக்கிறது. ஏற்றமும் எதிர்க்காற்றும் ஒரு மணி நேரத்தைத் தின்றாலும் இரண்டரை மணி நேரம் மிச்சம். நண்பர் சொல்லும் 25 எந்தக் கணக்கில் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. நான்கு பேர் சேர்ந்து ஓட்டும்போது வருகிற வேகமாக இருக்கலாம்.

இதே ஒரு மணி நேரத்தைக் கால்பலத்தால் மிச்சப்படுத்த நினைத்துப் பாருங்கள். பத்து மணி நேரம் ஒன்பதாக வேண்டுமென்றால் வேகம் 22.2 ஆக வேண்டும். இரண்டு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் காற்றைத் தள்ளத் தேவைப்படும் திறன் வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் கூடுகிறது. அந்தச் சின்ன வித்தியாசத்துக்குக் காற்றோடு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாக மல்லுக்கட்ட வேண்டும், அதுவும் நாள் முழுக்க. மாறாக, ஆறு இடத்தில் நிற்கிறீர்கள் என்றால் ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் குறைத்தால் அதே ஒரு மணி நேரம் கைக்கு வந்துவிடும். மூச்சுகூட வாங்காது. புதியவர்கள் நேரத்தைத் தொலைப்பது ரோட்டில் அல்ல, நின்ற இடத்தில். தண்ணீர் பிடிக்க இறங்குவார்கள், போனைப் பார்ப்பார்கள், பக்கத்தில் ஒருவரோடு பேச்சு தொடங்கும், எழும்போது 35 நிமிடம் போயிருக்கும். அதனால் நிற்பதையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீண்ட ஓட்டங்களில் இறங்குவதற்கு முன்பே என்னென்ன வேலை என்று மனதில் வரிசைப்படுத்துங்கள்: கார்டில் முத்திரை, தண்ணீர், கழிப்பறை, சாப்பாட்டைப் பையில் போடுவது. முடிந்ததும் கிளம்புங்கள். சரியான இளைப்பாறல் வேண்டுமென்றால் பாதி வழியில் ஒன்று போதும், அரை மணி நேரம்.

முன்னதாக 200 ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அப்படி ஓட்டினால் உடம்பு தேறவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அந்த வாரப் பயிற்சி வீண். 140, 150 வரை வந்தால் போதும். இப்போதைய 40இலிருந்து வாரத்துக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டராக ஞாயிறு ஓட்டத்தைக் கூட்டுங்கள். மூன்று வாரம் கூட்டினால் நான்காம் வாரம் நன்றாகக் குறைத்துவிடுங்கள், உடம்பு பலம் பெறுவது அந்த ஓய்வில்தான். ஆறாவது வாரத்தில் 110ஐத் தொட்டு, பத்தாவது வாரத்தில் 150 ஓட்டிவிட்டால், கடைசி இரண்டு வாரம் லேசாகப் போய்வருவதோடு சரி. அந்தச் சமயத்தில் கால் துறுதுறுக்கும், பயிற்சி குறைவோ என்று பயம் வரும். கடைசி வாரத்தில் புகுத்தும் எந்தப் பயிற்சியும் பிரெவே நாளில் பலன் தராது, களைப்பை மட்டும் தரும்.

ஞாயிறு ஓட்டத்தின் வேகம்: பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கி வார்த்தை துண்டானால் குறைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் கனமான கியரில் மல்லுக்கு நிற்க வேண்டாம். முன்கூட்டியே இறக்கி, காலைச் சற்று வேகமாகச் சுற்றுங்கள், முட்டி உங்களுக்கு நன்றி சொல்லும். வார நாட்களின் இரண்டு ஓட்டங்களில் ஒன்றில் மட்டும், நன்றாகச் சூடான பிறகு, பத்து நிமிடம் கடினமாக ஓட்டி ஐந்து நிமிடம் தளர்த்துவதை மூன்று முறை செய்யலாம். மற்றதைச் சும்மா ஓட்டுங்கள். சராசரி வேகத்தைக் காட்டும் திரையை மறைத்துவிடுவது நல்லது. அந்த எண்ணைக் காப்பாற்றப் போய் முதல் 60 கிலோமீட்டரிலேயே காலைத் தீர்த்துவிட்டவர்கள் நிறையப் பேர்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்த வரி வேகத்தைப் பற்றியது அல்ல, 50 கிலோமீட்டரில் வரும் வலியைப் பற்றியது. முதல் 200ஐப் பாதியில் விடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், கால் ஓய்ந்துவிட்டது என்பவர் குறைவு. உட்கார முடியவில்லை, கழுத்து நிற்கவில்லை, வயிறு புரட்டியது என்பார்கள். எனவே இந்த 12 வாரத்தில் முதல் மூன்று வாரத்தைச் சைக்கிளை உங்கள் உடம்புக்குப் பொருத்துவதற்குக் கொடுங்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால் பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக வேண்டும். அப்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டியில் லேசான மடிப்பு இருக்கும். மிதிக்கையில் இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடினால் சீட் உயரம் அதிகம். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். ஒரு தடவைக்கு மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள்.

வலிக்கிறதே என்று பஞ்சு போன்ற அகலமான சீட்டுக்கு ஓடிவிட வேண்டாம். நம் எடையை இடுப்பெலும்பின் இரண்டு கீழ்முனைகள் தாங்க வேண்டும். மெத்தை அதிகமானால் எலும்பு அதில் புதைந்து, நடுவிலிருக்கும் மென்மையான பகுதி நசுங்கும். அரை மணி நேரத்துக்கு சுகம், ஐந்தாவது மணி நேரத்தில் நரகம். அந்த எலும்புகளின் இடைவெளிக்குப் பொருந்தும் சீட், பேட் வைத்த ஷார்ட்ஸ், அதற்குள் ஜட்டி போடாமல் இருப்பது, உராயும் இடத்தில் கிரீம், இந்த நான்கும் பெரும்பாலானவர்களுக்குப் போதும். அப்புறம், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பெடலில் எழுந்து நின்று சில வினாடி மிதியுங்கள்.

மரத்துப் போவது சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்றால் உள்ளங்கை ஓரமாகப் போகும் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். ஹேண்டில்பாரில் கை வைக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள், முழங்கையைச் சற்று மடக்கியே வையுங்கள். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தாலும் எடையெல்லாம் கைக்கு வரும், அதையும் பாருங்கள். இறங்கிய பிறகும் மரப்பு நீங்காவிட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சாப்பாடு. தசையிலும் ஈரலிலும் நாம் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து தோராயமாக 400 முதல் 500 கிராம். அது பத்து மணி நேரம் தாங்காது. தீர்ந்துபோனால் திடீரென்று கண் இருண்டு, காலில் உயிரே இல்லாத மாதிரி ஆகிவிடும். அந்த நிலைக்கு வந்த பிறகு சாப்பிட்டு உடனே மீள முடியாது. முதல் மணி நேரத்திலேயே தொடங்கி, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். எதைச் சாப்பிட்டாலும் சரி, உங்கள் வயிறு நீண்ட ஓட்டங்களில் ஏற்கெனவே பார்த்துப் பழகியதாக இருக்கட்டும். பிரெவே அன்று காலையில் யாரோ நீட்டும் புது ஜெல்லை (பிழிந்து சாப்பிடும் சர்க்கரைக் கூழ்) வாங்கிப் போட்டுப் பார்க்காதீர்கள். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். வெறும் தண்ணீரை வற்புறுத்தி லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். வியர்வை அதிகமென்றால் உப்புச் சத்தும் சேர வேண்டும்.

பஞ்சர் ஒட்டத் தெரியாது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எட்டு மாதக்காரர் என்பதால் கேட்கிறேன்: பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றியிருக்கிறீர்களா? வழியில் உதவிக்கு வண்டி வராது, அதுதான் பிரெவேயின் விதி. வீட்டிலேயே செய்து பழகுங்கள். செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டுக் கழற்றினால் சுலபம். புது டியூப் போடும் முன் டயரின் உட்புறம் முழுக்க விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். குத்திய முள் அங்கேயே இருந்தால் அடுத்த டியூபும் போகும். விளக்கையும் நீங்கள் பயன்படுத்தப்போகும் வெளிச்ச அளவிலேயே ஒரு முறை முழுக்க எரியவிட்டு பேட்டரி எத்தனை மணி நேரம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பதின்மூன்றரை மணி நேரம் என்றால் இருட்டிலும் ஓட்ட வேண்டி வரலாம்.

புது சைக்கிள் இப்போது வேண்டாம். 12 வாரத்துக்குள் இன்னொரு சைக்கிளுக்கு உடம்பைப் பழக்குவது இருக்கிற வலியோடு புது வலியைச் சேர்க்கும். பிரேக் கட்டை, செயின் தேய்மானம் பார்த்து மாற்றுங்கள். காசு செலவழித்தே ஆக வேண்டும் என்று கை பரபரத்தால் டயரில் போடுங்கள். ஃபிரேமும் பிரேக்கும் இடம் கொடுத்தால் 28 அல்லது 32 மில்லிமீட்டர் அகல டயர் போட்டு, காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். கைக்கும் இடுப்புக்கும் வரும் அதிர்வு குறையும். 150 ஓட்டுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், கூடவே அதே அளவில் இரண்டு மாற்று டியூப்.