எம்ஆர்ஐல வெள்ளையா தெரிஞ்சாதான் மூளைக்கட்டியா? படம் தெளிவா தெரிய போடற கான்ட்ராஸ்ட் ஊசி பத்தி கேட்டிருந்தீங்க

ஏற்கனவே எம்ஆர்ஐ எடுத்தாச்சு, திரும்பவும் ஊசி போட்டு எடுக்கச் சொல்றாங்களே, எதுக்கு?

மூளை ரத்தக்குழாய்ங்க கண்டதையும் வெளிய விடாது, பிளட் பிரெயின் பாரியர்னு சொல்லுவோம். அந்த ஊசியில இருக்கற காடோலினியம் மருந்தும் அதைத் தாண்டாது. ஆனா நெறைய கட்டிங்கள்ல அந்தத் தடுப்பு ஓட்டையா இருக்கும், மருந்து கசியும், அந்த எடம் பளிச்சுனு வெள்ளையாகும். மெனிஞ்சியோமாங்கற கட்டி மூளை உறையில வர்றது, அங்க தடுப்பே கிடையாது, அதான் மொத்தமா வெளுக்கும். பயாப்ஸிக்கு (சோதிக்க எடுக்கற சின்ன சதைத் துண்டு) எங்க எடுக்கறதுன்னு முடிவு பண்ணவும் இந்தப் படம் வேணும்.

ரிப்போர்ட்ல "என்ஹான்ஸ்மென்ட் இல்ல"ன்னு, அதாவது ஊசி போட்டும் வெளுக்கலன்னு போட்டிருக்கு, அப்ப கட்டி இல்லதானே?

அப்படி இல்லங்க. நாங்க பாக்கறது கசிவைத்தான், கட்டியை இல்ல. மெதுவா வளர்ற லோ கிரேட் க்ளியோமாங்கற மூளைக்கட்டி பல பேருக்கு வெளுக்கவே வெளுக்காது, ஃபிளேர்னு இன்னொரு வகை எம்ஆர்ஐ படத்துலதான் மாட்டும். இன்னொரு பக்கம், வளையம் மாதிரி வெளுத்தா க்ளியோபிளாஸ்டோமாவா (வேகமா வளர்ற மூளைப் புத்துநோய்) இருக்கலாம், சீழ்க்கட்டியாவும் இருக்கலாம், தண்ணி அசைவைக் காட்டற டிஃப்யூஷன் படத்தையும் சேத்து பாத்தாதான் பிரிக்க முடியும். ரேடியேஷன் முடிஞ்ச மொத மூணு மாசத்துல வெள்ளை ஜாஸ்தியாகி வீட்ல எல்லாரும் பயந்துடுவாங்க, பல நேரம் அது சிகிச்சையோட புண்ணுதான். அவாஸ்டின்னு ஒரு புத்துநோய் மருந்து குடுத்தா நேர் எதிர், கசிவு அடைஞ்சு படம் சூப்பரா தெரியும், கட்டி உள்ள அப்படியே இருக்கலாம். ஒரே ஒரு படத்த வெச்சு சந்தோஷமும் படாதீங்க, அழவும் செய்யாதீங்க.

கிட்னி வீக், காடோலினியம் ஒடம்புலயே தங்கிடும்னு வேற சொல்றாங்க...

ரெண்டு பயமும் சும்மா கெளப்பினது இல்ல. கிட்னி ரொம்ப மோசமானவங்களுக்கு தோல் இறுகற என்எஸ்எஃப் வியாதிக்கும் இந்த மருந்துக்கும் தொடர்புன்னு 2006-ல தெரிஞ்சுது, 2014-ல மூளையிலயும் கொஞ்சம் படியுதுன்னு ஜப்பான் டாக்டருங்க எழுதினாங்க. ரெண்டுலயும் மெயினா மாட்டினது காடோலினியத்தை லூசா புடிக்கற லீனியர் வகை மருந்து, அதுல சிலதை ஐரோப்பாவுல 2017-லயே நிறுத்திட்டாங்க. மேக்ரோசைக்ளிக் வகை காடோலினியத்தை இறுக்கிப் புடிச்சுக்கும். மூளையில படிஞ்சதால இன்ன கெடுதல்னு இதுவரை நிரூபணம் இல்ல. கிட்னி எவ்வளவு நல்லா வடிகட்டுதுன்னு காட்டற இஜிஎஃப்ஆர் அளவு 30-க்குக் கீழ இருந்தா மட்டும் கண்டிப்பா முன்கூட்டியே சொல்லிடுங்க.

சிடி ஊசில தடிப்பு வந்துச்சு, எம்ஆர்ஐக்கு போலாமா?

சிடில அயோடின், இது காடோலினியம், வேற மருந்து. போலாம், ஆனா சொல்லிட்டுப் போங்க. (இறால் அலர்ஜிக்கும் அயோடினுக்கும் சம்பந்தமே இல்ல, இத எத்தன தடவதான் சொல்றது!)

கொழந்தைக்குப் பால் குடுக்கறேன், நிறுத்தணுமா?

வேணாம். பால்ல போறது ரொம்ப ரொம்ப கம்மி.