ஒரே கலவை, இரண்டு தடிமன்: சிகாரின் ருசி ஏன் மாறுகிறது?

கேள்வி: ஒரே பிராண்டில், ஒரே கலவை என்று சொல்லி 38 ரிங் லான்செரோவும் (ஒல்லியான நீளச் சிகார்) 54 ரிங் தடி சிகாரும் வாங்கினேன். ஒல்லியானது பாதியிலேயே கசந்து நாக்கைக் கடித்தது. தடியானது சப்பென்று இருந்தது. தடி சிகார்தானே கடுமையாக இருக்க வேண்டும்?

பதில்: இல்லை. கடுமையைத் தீர்மானிப்பது உள்ளே எவ்வளவு லிஹேரோ (செடியின் உச்சிப் பகுதி இலை) வைத்துச் சுற்றியிருக்கிறார்கள் என்பதுதான். தடிமன் வேறு இரண்டு விஷயங்களை மாற்றுகிறது: மேலிலையின் (வெளியே சுற்றும் இலை) பங்கு, நெருப்பின் சூடு.

ரிங் என்பது சிகாரின் விட்டத்தைச் சொல்லும் அளவு, ஓர் அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு. 38 ரிங் சுமார் 15 மி.மீ., 54 ரிங் சுமார் 21.4 மி.மீ. வித்தியாசம் ஆறு மி.மீ.தான். ஆனால் வெட்டுமுகப் பரப்பு இரண்டு மடங்காகிவிடுகிறது, சுற்றளவோ 1.4 மடங்குதான் கூடுகிறது. ஆக, தடி சிகாரின் புகையில் மேலிலையின் பங்கு கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறைவு. ஒரு சிகாரில் விலை கூடிய, மணம் மிகுந்த இலை பெரும்பாலும் அந்த மேலிலைதான். உங்களுக்குச் சப்பென்று இருந்ததற்கு இது ஒரு காரணம். இன்னொன்று: ஒல்லிச் சிகாரின் நடுவில் இலைக்கு இடம் குறைவு என்பதால் சுற்றும்போது உள்ளிலை விகிதத்தையும் மாற்றுவதுண்டு. பெட்டியில் பெயர் ஒன்றாக இருக்கலாம், கலவை அச்சாக ஒன்றே என்று சொல்ல முடியாது.

கசப்புக்குக் காரணம் உங்கள் இழுப்பு. தடி சிகாரில் இழுக்கும் அதே வாய்ப்புகையைப் பாதிப் பரப்பு வழியாக இழுத்தால் காற்று இரு மடங்கு வேகத்தில் பாய்கிறது. கங்கு கொதிக்கிறது, தார் திரண்டு கசக்கிறது. லான்செரோவை நிமிடத்துக்கு ஓர் இழுப்பு, அதுவும் அரை வாய்க்கு மேல் வேண்டாம். கங்குக்கு மூன்று செ.மீ. கீழே விரலால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் இரண்டு நிமிடம் சாம்பல் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். 192 மி.மீ. நீளமுள்ள கியூபா லான்செரோ ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து முடிந்தால் அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

தடி சிகாரில் சிக்கல் பற்றவைப்பதில். ஒரு தீக்குச்சியில் விளிம்பு மட்டும் பிடிக்கும், நடு அப்படியே கறுத்துக் கிடக்கும். லிஹேரோ இருப்பது நடுவில். அது மெதுவாக எரியும் இலையும்கூட. அது எரியாவிட்டால் ருசி எங்கிருந்து வரும்? முனையைச் சுடருக்கு ஒரு செ.மீ. மேலே பிடித்து அரை நிமிடம் உருட்டுங்கள்; பரப்பு முழுதும் கருகிய பின்தான் இழுக்க வேண்டும். பிறகு முனையில் மெல்ல ஊதிப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்துக்கு நடுவே கறுப்புத் திட்டு தெரிந்தால் அங்கே மறுபடி சுடரைக் காட்டுங்கள்.

வெட்டுவதிலும் கவனம் வேண்டும். உறையூர்ச் சுருட்டுக்கு இரு முனையும் திறந்திருக்கும். ஹவானா சிகாருக்கு வாய்ப்பக்கம் தொப்பி (முனையை மூடும் இலைத் துண்டு) உண்டு. தொப்பியில் இரண்டு மி.மீ. போதும், அதன் விளிம்புக் கோட்டைத் தாண்டினால் மேலிலை பிரிந்துவிடும். ஒல்லியானதில் துளைப்பான் வேண்டாம், தலை பிளக்கும். பற்றவைக்கும் முன் வெறுமனே இழுத்துப் பாருங்கள். ஒல்லிச் சிகாரை அடைக்க முறுக்கிய ஓர் இலை நரம்பே போதும். 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதத்தில் வைத்திருந்தால் இலை உப்பியும் அடைக்கும். 65 சதவீதத்தில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

2010-இல் கியூபாவின் கோஹிபா பெஹிகே சிகார் 52, 54, 56 ரிங்கில் வந்தது. தடி சிகார் மோகம் இன்னும் அடங்கவில்லை. 60 ரிங்கெல்லாம் எங்கள் கணக்கில் பார்வைக்குத்தான். ஒரு கலவையின் குணம் தெரிய வேண்டுமானால் 142 மி.மீ. நீளமும் 42 ரிங்கும் உள்ள கொரோனா என்ற அளவுச் சிகாரில் தொடங்குங்கள். மேலிலையும் உள்ளிலையும் அதில் ஒன்றையொன்று அமுக்குவதில்லை.

சப்பென்று இருந்ததால் தடி சிகார் உடம்புக்கு மென்மையானது என்று எண்ணிவிடாதீர்கள். அதில் புகையிலை அதிகம். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் நிகோட்டின் வாயின் சவ்வு வழியே ஏறும். வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயமும் குறையாது. தலை சுற்றினாலோ வியர்த்தாலோ பாதியிலேயே வைத்துவிடுங்கள். நசுக்க வேண்டாம், தானே அணைந்துவிடும்; நசுக்கினால் அறை முழுக்க நாறும்.