கொல்லையில் ஒரு சின்ன வீடு: வாங்குவோர் கேள்வி-பதில்

‘சின்ன வீடு’ என்றதும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொல்லையில் அப்பா, அம்மாவுக்காக 12-க்கு 20 அடியில் கட்டப் போகிறேன். 240 சதுர அடி என்கிறார் மேஸ்திரி. கட்டில், பீரோ, சாப்பாட்டு மேசை எல்லாம் அடங்குமா? (தஞ்சாவூர்)

240 மேஸ்திரிக்கு. உங்கள் அப்பா, அம்மாவுக்கு 194தான். நாலு பக்கமும் ஒன்பது அங்குலச் சுவர் போனால் 12 அடி பத்தரை, 20 அடி பதினெட்டரை. பெருக்கிப் பாருங்கள். குளியலறைத் தடுப்புச் சுவரை நான் இன்னும் கழிக்கவில்லை. வெளி அளவுக்குக் கூலி வாங்குவது தப்பில்லை, சுவரும் செங்கல்தானே. அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு கட்டில் வாங்கக் கிளம்புகிறோமே, அதுதான் தப்பு.

இதில் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. மாடிப்படி, லிஃப்ட் எல்லாவற்றையும் நம் தலையில் கட்டி ‘சூப்பர் பில்ட்-அப்’ என்று ஒரு எண் சொல்லியே அடுக்குமாடி வீடுகளை விற்றார்கள். 2016 ரியல் எஸ்டேட் சட்டம்தான், வெளிச்சுவரும் பால்கனியும் போக வீட்டுக்குள் புழங்கும் இடமே கார்பெட் ஏரியா என்று எழுதி வைத்தது. நம் கொல்லையில் நாமே கட்டும் வீட்டுக்கு அந்தச் சட்டம் வராது. டேப்பை நாம்தான் பிடிக்க வேண்டும்.

தரையில் சாக்பீஸால் உள் அளவைப் போடுங்கள். கட்டில் நீளம் ஆறேகால் அடி, நடக்க இரண்டரை, பீரோ ஆழம் இரண்டு. பத்தே முக்கால் ஆயிற்றா? உங்களிடம் இருப்பது பத்தரை. ஐந்தடி அகலக் கட்டிலைத் திருப்பிச் சுவரோரம் போட்டால் ஒன்பதரையில் முடியும். ஆனால் சுவர்ப்பக்கம் படுப்பவர் ராத்திரியில் எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும், அது பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருக்கும். இரண்டு ஒற்றைக் கட்டில் வாங்குங்கள். சாப்பாட்டு மேசையை மறந்துவிட்டுச் சுவரில் ஒரு மடக்குப் பலகை அடியுங்கள். அப்புறம், குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உள்பக்கம் தள்ளித் திறக்க முடியாது.

சின்னதாகத்தானே கட்டுகிறோம், பிளான் அப்ரூவல் வேண்டுமா? (மதுரை)

வேண்டும்.

சமையல் மேடை அலமாரிக்கு ‘மரைன் பிளை’ (தண்ணீர் தாங்கும் பிளைவுட்) என்று சொல்லித் தருகிறார்கள். நம்பலாமா? (ஈரோடு)

சொல்வதை விடுங்கள். பலகையில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 710 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். 303 என்று இருந்தால் அது வேறு சரக்கு.

20 அடி கன்டெய்னர் வீட்டுக்கு முழுப் பணமும் கட்டிவிட்டேன். அடுத்த வாரம் வருகிறது. எங்கள் வீட்டை ஒட்டி நாலடிச் சந்து வழியாகத்தான் பின்பக்கம் போக வேண்டும். வேறு என்ன கவனிக்க வேண்டும்? (கோவை)

பணம் கட்டும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பெட்டி எட்டடி அகலம், சந்து நாலடி. கிரேன் வைத்து மொட்டை மாடிக்கு மேலே தூக்குவார்களா? அந்த வாடகை யார் கணக்கு? தெருவில் மின்கம்பி போகிறதா? இன்றைக்கே கேளுங்கள். பெட்டிக்குள் அகலம் 7 அடி 8 அங்குலம். வெயில் தாங்க இரண்டு பக்கமும் பலகை அடித்தால் அதிலும் குறையும். பலகைக்குப் பின்னால் என்ன அடைத்திருக்கிறார்கள், எத்தனை அங்குலம் என்று எழுத்தில் வாங்குங்கள். சித்திரை மாத மதியம் இரண்டு மணிக்கு அவர்களுடைய மாதிரிப் பெட்டியில் ஏசியை அணைத்துவிட்டு அரை மணி உட்கார்ந்து பார்த்திருக்கலாம். சரி, இனி உங்கள் கொல்லையிலேயே பாருங்கள்.

மகளுக்காகக் கொல்லையில் ஓர் அறை கட்ட ஒப்பந்தக்காரர் 3 லட்சம் வாங்கினார். அஸ்திவாரம் தோண்டிவிட்டுப் போனவர், ஏழு மாதமாக ஆளைக் காணோம். ஒப்பந்தப் பத்திரம் இல்லை, ஜிபேயில் அனுப்பியதுதான். என் முட்டாள்தனம்தானே? (சேலம்)

இல்லை அம்மா. பணம் வாங்கிக்கொண்டு ஓடியவர் அவர். பத்திரம் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பணம் போன வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் சாட்சி. எதையும் அழிக்காதீர்கள். குழியை நாலு பக்கமும் படம் எடுத்துவிட்டு, குழந்தைகள் விழாமல் தகரம் போட்டு மூடுங்கள். பதினைந்து நாள் கெடு வைத்து அவருக்குக் கடிதம் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். பதில் இல்லையென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வீடு கட்டித் தருவதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைதான். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடக் கெடு உண்டு, ஆறப்போடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்றே போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள்.

ஒற்றை அறை வீட்டுக்கு சோபா-கம்-பெட் சரிவருமா? (சென்னை)

என்னிடம் கேட்கிறீர்களே! கடையில் விற்பனைப் பையன் ஒரே கையால் திறந்து காட்டியதில் மயங்கி நானும் ஒன்று வாங்கினேன். வீட்டில் அதைத் திறக்க டீப்பாயைச் சமையலறைக்குள் தள்ள வேண்டும், தள்ளினால் பிரிட்ஜ் கதவு திறக்காது. மூன்றே மாதத்தில் இடப்பக்கக் கீல் வளைந்தது. அதில் ஒரு ராத்திரி படுத்த மச்சான் மறுநாள் லாட்ஜில் அறை எடுத்தார். வாங்குவதென்றால் கடையிலேயே நீங்களே பத்து முறை திறந்து மூடுங்கள், விரித்த நீளத்தை அளந்துகொள்ளுங்கள். என்னுடையது இப்போது பால்கனியில், இஸ்திரிக்குப் போகிற துணிக்கு.