ஒரு ஊற்றை அடைத்த கதை

"நாவலிலிருந்து எடுத்த பிரெஞ்சுப் படம் ஒன்று சொல்லுங்கள், நாவலின் கனம் குறையாமல் இருக்க வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். குளோத் பெரி இயக்கி 1986இல் வந்த 'ழான் தெ ஃப்ளோரெத்' பாருங்கள். கதை அதே ஆண்டு வெளியான 'மனோன் தே சூர்ஸ்' படத்தில்தான் முடிகிறது, அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

நாவல் மார்செல் பாஞோலுடையது. அவர் 1952இல் மனோனின் கதையைத் தானே படமாக எடுத்தவர். அதில் அவள் அப்பா ழானின் கதை பழைய சங்கதியாகப் பேச்சில் மட்டும் வந்துபோகும். 1960களில் நாவலாக எழுதியபோது அந்த அப்பாவுக்கென்றே ஒரு பாகம் ஒதுக்கினார். பெரியின் முதல் படம் அந்தப் பாகம்தான்.

இடம் தெற்கு பிரான்சின் ப்ரொவான்ஸ். வறண்ட மலைக் கிராமம். கார்னேஷன் பூ பயிரிட ஆசைப்படும் உகோலானும் அவன் குடும்பத்துப் பெரியவர் பப்பேயும் பக்கத்து நிலத்தின் மேல் கண் வைக்கிறார்கள். நிலம் மலிவாகக் கைக்கு வரட்டும் என்று அங்கிருக்கும் ஊற்றை ரகசியமாக சிமெண்ட் வைத்து அடைத்துவிடுகிறார்கள். ஆனால் நிலத்துக்கு வாரிசான ழான், நகரத்து வேலையை விட்டுவிட்டு மனைவி, மகள் மனோனோடு அங்கேயே வாழ வந்துவிடுகிறார். கூன் விழுந்த முதுகோடு தூரத்திலிருந்து தண்ணீர் சுமக்கிறார். முயல் வளர்க்க வேண்டும், அதற்குத் தீனி விளைய வேண்டும், எவ்வளவு மழை பெய்யும் என்று புத்தகம் பார்த்துக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். மழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிறது, இவர் நிலத்தில் ஒரு சொட்டு இல்லை. வானத்தைப் பார்த்து அவர் கத்தும் அந்த இடத்தில் ழெரார் தெபார்தியூவின் நடிப்பை எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை.

ஊற்று இருக்கும் இடம் பார்க்கிற நமக்கு முதலிலேயே தெரியும். அதனால் மர்மம் என்று எதுவும் இல்லை, ஒவ்வொரு காட்சியிலும் "யாராவது சொல்லுங்களேன்" என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஊரிலும் பலருக்குத் தெரியும். வெளியூர்க்காரனுக்கு நாம் ஏன் சொல்ல வேண்டும் என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். குற்றம் இரண்டு பேரோடு நிற்காமல் ஊர் முழுக்கப் பரவுவதைப் படம் ஒரு பிரசங்கமும் இல்லாமல் காட்டுகிறது. உகோலானாக வரும் தானியேல் ஓத்தேய் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ழான் மேல் அவனுக்கு உண்மையாகவே பாசம் வந்துவிடுகிறது, இருந்தும் சொல்ல மாட்டான். அந்த ஆண்டுக்கான சேசார் என்ற பிரெஞ்சுத் திரைப்பட விருது அவருக்குக் கிடைத்தது, நியாயமான விருது.

அப்புறம் ஒரு விஷயம்: கதைச்சுருக்கம் எதையும் முன்கூட்டியே படிக்காதீர்கள். முதல் படத்தோடு நிறுத்தவும் செய்யாதீர்கள். பப்பேயாக நடித்த ஈவ் மோந்தான் எவ்வளவு பெரிய நடிகர் என்பது இரண்டாம் படத்தின் கடைசிப் பகுதியில்தான் தெரியும்.